ஏழு நாள் பசலைப் பச்சடி

காளவாசல் தெருவில் பால் உறைவது நின்றுபோன பதினோராவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சீனித்தாய் டீக்குப் பால் எடுக்கலாம் என்று மண்சட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே தயிர் இருந்தது. கத்தி போட்டு வெட்டலாம் என்கிற அளவுக்குக் கட்டியாக, மேலே மஞ்சளாக ஆடை படிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் பிரியாமல், கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படும்படி உறைந்திருந்தது. அவள் மூடியை மறுபடியும் போட்டாள். பால்தான் தூக்கக் கலக்கத்தில் தயிராகத் தெரிந்ததோ என்று இன்னொரு தடவை திறந்து, ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது. அந்தக் குழியைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு நாளுக்குள் தன் வீட்டில் ஒரு உயிர் போகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொன்று சொல்வார்கள். காளவாசல் என்கிற சூளையில் சுண்ணாம்புக்கல் சுடுகிறவர்களின் தெரு அது, மொத்தம் நாற்பத்தோரு வீடு. போன சித்திரையில் ஒரு நாள் நாற்பத்தோரு வீட்டிலும் பால் உறையவில்லை. கெட்டும் போகவில்லை. ராத்திரி ஊற்றி வைத்த பால் காலையிலும் பாலாகவே இருந்தது, டீ போட்டால் நன்றாகவும் இருந்தது. முதலில் பால்கார இன்னாசியைப் பிடித்து உலுக்கினார்கள், அவர் தன் பசுமாட்டின் மேல் சத்தியம் செய்தார். பக்கத்து ஊரிலிருந்து உறை மோர் வாங்கி வந்து ஊற்றிப் பார்த்தார்கள். டவுனிலிருந்து பாக்கெட் தயிர் வாங்கி வந்தார்கள், தெருமுனை வேப்பமரத்தைத் தாண்டியதும் அது பாக்கெட்டுக்குள்ளேயே பாலாகிக் குலுங்கியது. சுகாதார ஆபீஸிலிருந்து ஒருத்தர் ஜீப்பில் வந்து பாட்டிலில் பாலைப் பிடித்துக்கொண்டு போனார். வேப்பமரத்தை ஜீப் தாண்டியதும் பாட்டிலுக்குள் அது தயிராகிவிட்டது, அவரும் நல்ல தயிர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

ஆனி மாதம், தெருவின் கடைசி வீட்டில், மூன்று வருடமாகப் படுக்கையில் கிடந்த பெரியவரின் வீட்டில், திடீரென்று தயிர் உறைந்தது. உறை மோர் கிடைத்துவிட்டது என்று தெருவே டம்ளரோடு ஓடியது. வாங்கிப் போன எந்த வீட்டிலும் அது பிடிக்கவில்லை. அந்த ஒரு வீட்டில் மட்டும் தினமும் உறைந்தது, ஆறாம் நாள் பெரியவர் போய்ச் சேர்ந்தார், மறுநாள் அந்த வீட்டுப் பாலும் பழையபடி பாலாகவே நின்றது. ஆடியில் ஒரு வீடு, ஆவணியில் இரண்டு. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மனுசர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், இதற்குப் பழகமாட்டார்களா. பந்தல்காரர் காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து எங்கேயாவது உறைந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். உறைந்த வீட்டிலிருந்து வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் போன் பறந்தது, அவர்களும் லீவு சொல்லிவிட்டு வந்து சேர்ந்தார்கள், சாகிறவர்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுச் செத்தார்கள், பேசாத அண்ணன் தம்பிகள் அந்த ஏழு நாளுக்குள் பேசிக்கொண்டார்கள். இதெல்லாம் எதற்கு என்று ஒரு வீட்டில் உறை ஊற்றுவதையே விட்டுவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் காளவாசலில் நின்றபடியே சாய்ந்தார், திருப்பூரிலிருந்த மகன் வருவதற்குள் எரித்து முடித்தாயிற்று. அவன் வேப்பமரத்தடியில் புரண்டு அழுததைப் பார்த்த பிறகு, எந்த வீடும் உறை ஊற்றாமல் இருக்கக் கூடாது என்று தெருக்கூட்டத்தில் பேசி முடித்தார்கள். உறை மோர் இல்லாததால் மிளகாய் வற்றல் காம்புகளைக் கிள்ளிப் போட்டார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் விளக்கு வைப்பதற்கு முன்னால், இளஞ்சூட்டுப் பாலில் காம்பைப் போட்டு, உறையவே கூடாது தாயே என்று கும்பிட்டு மூடி வைத்தார்கள்.

பச்சடி பிறகு வந்தது. மாதக்கணக்கில் தயிர் காணாத நாக்கு, சாகப் போகிற நாக்கு, அதற்கு என்ன கொடுப்பது என்று யோசித்து, கொல்லையில் குளிக்கிற தண்ணீரிலேயே வளர்ந்து கிடக்கிற கொடிப்பசலையைப் பறித்துத் தயிர்ப் பச்சடி செய்து கொடுத்தார்கள். ஐப்பசியில் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் மஞ்சள் காமாலை கண்டிருந்த நேரத்தில் தயிர் உறைந்தது. யாருக்கு என்று தெரியாமல் அவர்கள் அம்மா பித்துப் பிடித்த மாதிரி அலைந்தாள். மூத்தவன் எழுந்து போய்க் கிண்ணத்துப் பச்சடி முழுவதையும் தானே தின்றுவிட்டான். ஐந்தாம் நாள் அவன் போனான், இளையவன் தேறி எழுந்து இப்போது சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அவ்வளவுதான், தெருவுக்குச் சட்டம் கிடைத்துவிட்டது: பச்சடியை யார் தின்கிறாரோ சாவு அவருக்கு. ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து இவ்வளவு பெரிய சட்டம் போடலாமா என்று அங்கே ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது எனக்குத் தோன்றி என்ன பிரயோசனம்.

சீனித்தாய் சட்டியை அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்தாள். ஆனால் பதினோரு மாதமாகத் தயிர் காணாத தெருவில் தயிர் வாசனை மூன்று வீடு தாண்டி அடிக்கும். பக்கத்து வீட்டுப் பவுனம்மா தலையைக்கூட முடியாமல் வந்து நின்றாள்.

“உறைஞ்சிருச்சா மதினி?”

“உறைஞ்சிருச்சு.”

பவுனம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். “அண்ணன், நீங்க, மாரிச்செல்வி. மூணு பேரு.” காளவாசல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள். “அண்ணனுக்காத்தான் மதினி இருக்கும். அந்த இருமலுக்கு.”

“அந்த இருமல் பத்து வருசமா இருக்கு.”

“அதான் சொல்றேன். இன்னும் எத்தன வருசம் இருக்கும்?” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “பிள்ளைக்கு மட்டும் ஒரு வாய்கூடக் காட்டிராதீக.”

மாரிச்செல்விக்கு எட்டாவது மாதம். புருசன் பம்பாய்ப் பக்கம் பிவண்டியில் தறி ஓட்டுகிறான். வளைகாப்பு முடிந்து, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க, முதல் பேறுக்குத் தாய் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. தெருவின் கதையெல்லாம் தெரிந்த பிள்ளைதான் என்றாலும், வாய் புளிப்புக்கு ஏங்கியது. அவளைத் தவிர வேறு எதையும் சீனித்தாய் அன்றைக்கு நினைக்கவில்லை. அவள் பிழைக்க வேண்டும், அதற்குப் பச்சடியை வேறு யாராவது தின்ன வேண்டும், அந்த வேறு யாராவது தானாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இதை முடிவு செய்ய அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கொல்லைக்குப் போய்ப் பசலைக் கொடியில் தடித்த இலையாகப் பார்த்து இரண்டு கை பறித்தாள். மண் போக மூன்று தண்ணீரில் அலசி, பொடியாக நறுக்கினாள், பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. தேங்காய்ச் சில்லு, பச்சை மிளகாய், சீரகம் மூன்றையும் அம்மியில் வைத்து அரைத்து எடுத்தாள். சட்டியில் துளி எண்ணெய் விட்டுக் கீரையை வதக்கினாள், இவ்வளவு கீரை இவ்வளவாகச் சுண்டியது. அதை அகலத் தட்டில் பரப்பி ஆற வைத்தாள். சூட்டோடு தயிரில் போட்டால் திரிந்துவிடும். ஆறுகிற வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும், சாவதாக இருந்தாலும்.

அவள் காத்திருக்கும்போது புருசன் அய்யாத்துரை வந்துவிட்டார். இருபத்தேழு வருடம் சுண்ணாம்பு சுட்டவர், நுரையீரல் முழுக்கச் சுண்ணாம்பு, புருவத்தில்கூடச் சுண்ணாம்பு. காளவாசலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பாதி வேலையில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். வந்தவர் தட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு பேரும் பேசி ஒன்பது வருடமாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சீனித்தாயின் அம்மா செத்த அன்றைக்கு அவர் காளவாசலில் தீ போட்டிருந்தார். போட்ட தீயை மூன்று நாள் அணைய விடக் கூடாது, விட்டால் கல் முழுவதும் வீண். அவர் வரவில்லை. அவள் தனியாகப் போய்த் தனியாக அழுதுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து சோறு, தண்ணீர், துணி என்று ஒற்றைச் சொல்லில் குடும்பம் நடந்தது.

“எனக்கு வை,” என்றார் அய்யாத்துரை.

“இது உங்களுக்கு இல்ல.”

“இருமறவனுக்கு இல்லாம இரும்பு மாதிரி இருக்கிறவளுக்கா?”

“நான் பெத்த பிள்ளை. நான் தின்னுக்கிறேன்.”

“நீ மட்டுமா பெத்த?”

கீரை ஆறியது. அவள் தயிரை வெட்டிப் போட்டு, அரைத்ததையும் உப்பையும் சேர்த்துக் கையால் பிசைந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவதற்குள் அவர் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்துவிட்டார். அவளும் விடவில்லை. அப்படியே ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி இரண்டு பேரும் அள்ளி அள்ளித் தின்றார்கள். வாசலில் நின்று பார்த்த பவுனம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

தாளித்த வாசனைக்கு மாரிச்செல்வி எழுந்து வந்தாள். “எம்மா, நான் ஒரு விரல் நக்கிக்கிறேன். பிள்ளை காலையிலேருந்து சும்மா கிடக்கு, புளிப்பு உள்ள போனா உதைக்கும்.”

நீட்டிய கையில் சீனித்தாய் ஓங்கி ஒரு அடி வைத்தாள். ஒரு வளையல் உடைந்தது. “தூங்குதா இருக்கும். நீயும் போய்ப் படு,” என்றாள். தூக்கிவாரிப் போட்டது அவளுக்கே, கல்யாணம் பண்ணிக் கொடுத்த பிள்ளையை அடித்துவிட்டோமே என்று. வளையல் துண்டுகளைப் பொறுக்கும்போதும் ஒரு கையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தயிர் மறுநாளும் உறைந்தது, அதற்கு மறுநாளும். அந்த வீட்டில் தினமும் பச்சடி நடந்தது, தினமும் சண்டையும் நடந்தது. புதன்கிழமை அவள் விடியும் முன்பே செய்து அரிசிப்பானைக்குள் புதைத்து வைத்தாள், அவர் வாசனை பிடித்து எடுத்துவிட்டார். வியாழக்கிழமை அவர் கொடியில் ஒரு இலை விடாமல் பறித்து மடியில் கட்டிக்கொண்டார், நானே செய்கிறேன் என்று அடுப்பில் ஏற்றிக் கீரையைத் தீய்த்துவிட்டு முழித்தார். கீரைக்கு அவள் பவுனம்மா வீட்டுக் கொல்லைக்குப் போக வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை பச்சடியைத் தட்டில் கொட்டி நடுவில் விரலால் கோடு போட்டார்கள், சரிபாதி. அவர் ஒரு வாய் தின்றுவிட்டு, “உப்பு ஒரு கல்லு கம்மி, சீனி,” என்றார். அவர் வாயிலிருந்து அவளுடைய பெயர் வந்து ஒன்பது வருடமாகிறது. அவள் எழுந்து போய் உப்புக்கல் எடுத்து வருவதற்குள் அவர் கோட்டைத் தாண்டித் தின்றிருந்தார்.

“அன்னைக்கு நான் வந்திருக்கணும்,” என்றார். “கல்லு போனாப் போகுதுன்னு வந்திருக்கணும்.”

“இப்ப எதுக்கு அது?”

“இனிமே எப்பச் சொல்லப் போறேன்?”

சுவரோடு சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாரிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சாகப் போறவுக மாதிரியா இருக்கீக? புதுசாக் கட்டிக்கிட்டவுக மாதிரில்ல இருக்கீக.” சிரித்து முடித்து வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். “எம்மா, இது முன்ன மாதிரி உதைக்க மாட்டேங்குதும்மா.”

சீனித்தாய் கிண்ணத்தைத்தான் வழித்துக்கொண்டிருந்தாள். “மாசம் ஏற ஏற உள்ள இடம் பத்தாதுல்ல. அப்படித்தான் இருக்கும்,” என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை, ஊரில் எல்லோரும் சொல்வதுதான்.

தெரு வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டு பேரில் யாருக்கு என்று தெரியாததால் இரண்டு பேரிடமும் விடைபெற்றார்கள். காளவாசல் கூட்டாளிகள் அய்யாத்துரையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், அவர் தன் நல்ல தோள்துண்டு இரண்டை எடுத்து அவர்களுக்குக் கொடுத்தார். சீனித்தாய் கூறைப்புடவையைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து மேலே வைத்தாள், தேட வேண்டியிருக்கக் கூடாதே. பிவண்டிக்குப் போன் போட்டு, அத்தைக்கோ மாமாவுக்கோ முடியாமல் போகலாம், டிக்கெட் போட்டு வையுங்கள் என்று சொன்னார்கள். பந்தல்காரர் வந்து வாசல் அகலத்தைக் கண்ணாலேயே அளந்தார். அத்தனை பேர் வந்தார்களே, அத்தனை பேரும் வாசலில் நின்று வீட்டிலிருக்கிறவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்களே, ஒருத்தரும் நாலு என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஏழாம் நாள். அன்றைக்குப் பச்சடியைச் சண்டையில்லாமல் தின்றார்கள். ஒரே பாயில் படுத்து, ஒருத்தர் மூச்சை ஒருத்தர் கேட்டுக்கொண்டே கிடந்து தூங்கிப்போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சீனித்தாய் சட்டியைத் திறந்தாள். பால் இருந்தது. வெறும் பால், மேலே மிளகாய்க் காம்பு மிதந்துகொண்டிருந்தது. உறைவது நின்றால் காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவள் ஓடிப்போய்ப் புருசனை உலுக்கினாள், அவர் இருமினார். மகள் படுத்திருந்த இடத்துக்கு ஓடினாள், போர்வை ஏறி ஏறி இறங்கியது. தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள், அதுவும் அடித்தது. சீனித்தாய் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அந்தத் தெரு அவளிடம் பார்த்ததில்லை. பவுனம்மா சீனி டப்பாவோடு ஓடிவந்து வாயில் அள்ளிப் போட்டாள், பந்தல்காரர்கூட வாய் நிறையச் சிரித்தார், தயிர் பொய்த்துவிட்டது என்று நாற்பத்தோரு வீட்டிலும் கத்திச் சொன்னார்கள்.

மாரிச்செல்வி எழுந்து உட்கார்ந்தாள். பவுனம்மா நீட்டிய சீனியை அவள் வாங்கவில்லை.

“எம்மா,” என்றாள். “நேத்துச் சாயங்காலத்துலேருந்து அசையவே இல்லம்மா. நீங்க ரெண்டு பேரும் இருந்த இருப்புல நான் சொல்லல.”

பெரியாஸ்பத்திரியில் வயிற்றில் கருவியை வைத்து இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பிறகு சீனித்தாயை வெளியே கூப்பிட்டார்கள். நர்ஸ் கையில் நோட்டு வைத்திருந்தாள், நல்ல பெண், குரலை உயர்த்தவில்லை.

“அசைவு குறைஞ்சு எத்தனை நாளாச்சும்மா?”

“போன செவ்வாய்க்கிழமையிலேருந்து.”

“அன்னைக்கே கூட்டி வந்திருந்தா உசுரோட எடுத்திருக்கலாமே. ஒரு வாரமா வீட்டுல என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”

 சீனித்தாய் உள்ளதைச் சொன்னாள்.

“பச்சடி செஞ்சோம்.”

ஆண் பிள்ளை. துணியில் சுற்றிக் கொடுத்ததை அய்யாத்துரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு கையே போதும், ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கினார். பந்தல் இல்லை, மேளம் இல்லை, அவ்வளவு சிறியதற்கு அதெல்லாம் வழக்கம் இல்லை. பிவண்டியிலிருந்து வந்தவன் மாமாவும் அத்தையும் வாசலில் உயிரோடு நிற்பதைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டான்.

தெரு இதையும் எடுத்துக்கொண்டது. பச்சடிச் சட்டத்தைக் கைவிடவில்லை, திருத்திக்கொண்டது, அவ்வளவுதான். இனி எண்ணும்போது வயிற்றில் இருப்பதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று வேப்பமரத்தடியில் பேசி முடித்தார்கள். பவுனம்மா இதைச் சொல்ல வந்து, வாசலோடு திரும்பிப் போனாள். அன்று சாயங்காலமும் நாற்பது வீட்டில் பாலில் காம்பு கிள்ளிப் போட்டார்கள். சீனித்தாய் போடவில்லை. ஏன் என்று கேட்க யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் மாரிச்செல்விக்குப் பால் கட்டியது. குடிக்க வாயில்லாத பால், கல்லாகி, காய்ச்சல் அடித்தது. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள் சீனித்தாய். அதற்கும் அடங்கவில்லை. பிறகு டம்ளரைக் கொடுத்துப் பீய்ச்சச் சொன்னாள், மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பீய்ச்சினாள். மீதி வளையல்கள் அந்தக் கையில் குலுங்கின. அரை டம்ளர் சேர்ந்தது.

தாய்ப்பாலைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, கால்பட்டு மிதிபட்டால் தாய்க்கு ஆகாது, செடி மூட்டில்தான் ஊற்ற வேண்டும் என்பார்கள். சீனித்தாய் டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். அங்கே இருந்தது பசலைக் கொடி ஒன்றுதான். ஏழு நாளும் பறித்துப் பறித்து மொட்டையாகிக் கிடந்த கொடி, கணுவுக்குக் கணு துளிர் விட்டிருந்தது. அய்யாத்துரை அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நகர்ந்து இடம் விட்டார். அவள் குனிந்தாள். கை சாய மாட்டேன் என்றது. அவர் கையை நீட்டினார், அவராலும் முடியவில்லை. பச்சடிக் கிண்ணத்தைப் பிடித்த மாதிரியே ஆளுக்கொரு பக்கம் டம்ளரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள். பால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளேயிருந்து மாரிச்செல்வி கேட்டாள். “எம்மா, ஊத்திட்டியா?”

“ஊத்திட்டேன்,” என்றாள் சீனித்தாய், டம்ளரைப் பிடித்தபடி.